ஜெயிக்க வைத்தவரின் கையெழுத்து எங்கே?

காரைக்கால்காரர்களுக்கு ஜனாதிபதித் தேர்தல் இரண்டு உண்டு. ஒன்று டெல்லிக்கு, மற்றொன்று பாரிஸுக்கு.

நெடுங்காடு, திருநள்ளாறு, காரைக்கால் வடக்கு, காரைக்கால் தெற்கு, நிரவி-திருப்பட்டினம் என்று எங்கள் மாவட்டத்தில் ஐந்து சட்டமன்றத் தொகுதிகள். இந்த ஐந்து எம்.எல்.ஏ.க்களும் இந்தியக் குடியரசுத் தலைவர் தேர்தலில் ஓட்டுப் போடுகிறார்கள். ஒரு ஓட்டின் மதிப்பு 16. 1992இல் நிறைவேறிய எழுபதாவது அரசியல் சட்டத் திருத்தத்துக்கு முன்னால் புதுச்சேரி எம்.எல்.ஏ.க்களுக்கு இந்த உரிமையே கிடையாது. இது ஒரு தேர்தல்.

இன்னொன்று, சொல்தா (பிரெஞ்சு ராணுவ வீரர்) குடும்பங்களின் தேர்தல். பிரெஞ்சு ராணுவத்திலும் அரசுப் பணியிலும் இருந்தவர்கள், 1962 ஆகஸ்ட் 16 அன்று இந்த மண் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்டவர்கள், அவர்களுடைய பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் எல்லோருக்கும் பிரான்சின் அதிபரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உண்டு. 2022 ஏப்ரலில் மக்ரோனும் மரீன் லெபென்னும் மோதியபோது புதுச்சேரி, தமிழ்நாடு, கேரளம் மூன்றிலும் சேர்த்துச் சுமார் 4,500 பேர் வாக்காளர் பட்டியலில் இருந்தார்கள். அவர்களுக்காகப் புதுச்சேரியில் இரண்டு வாக்குச்சாவடி, சென்னையில் ஒன்று, காரைக்காலில் ஒன்று.

என் பெரியப்பா அப்படி ஓட்டுப் போட்டவர். அல்ஜீரியாவில் பணியாற்றித் திரும்பிய சொல்தா. எங்கள் ஊரின் பிரெஞ்சு வாக்குச்சாவடியில் எந்திரம் இல்லை, சின்னமும் இல்லை. ஒவ்வொரு வேட்பாளருக்கும் அவர் பெயர் மட்டும் அச்சடித்த தனித்தனிச் சீட்டுகள் மேசைமேல் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். வாக்காளர் சீட்டுகளை எடுத்துக்கொண்டு திரைக்குப் பின்னால் போய், பிடித்த பெயரை உறையில் இட்டு, கண்ணாடிபோல் உள்ளே தெரியும் பெட்டியில் போட வேண்டும். ‘அ வோத்தே’ (ஓட்டுப் போட்டார்) என்று அலுவலர் உரக்கச் சொல்வார். பிறகு பட்டியலில் தன் பெயருக்கு நேரே வாக்காளர் கையெழுத்துப் போடுவார். போடாத சீட்டுகள் பெரியப்பாவின் சட்டைப் பையில் வீட்டுக்கு வந்து சேரும். திண்ணையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்து எனக்குக் காட்டுவார். “இதுல இருக்கிற பேரை எல்லாருக்கும் தெரியும் தம்பி. இவரை மேடையில ஏத்தி விட்டவன் பேரு எங்கேயாவது இருக்கா பாரு” என்பார்.

அந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரை. நான் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். தேர்தலுக்குத் தேர்தல் வாக்குச்சாவடித் தலைமை அலுவலராகப் போனவன். வேட்பாளரைப் பற்றிப் பேசவும் எழுதவும் ஊரெல்லாம் ஆள் இருக்கிறது. அவரை ஜெயிக்க வைப்பதையே தொழிலாகக் கொண்டவர் யார், எங்கிருந்து வந்தார், எதற்குக் கட்டுப்பட்டவர் என்பதை நாம் விசாரிப்பதே இல்லை. விசாரிக்க வேண்டிய காலம் வந்துவிட்டது என்று உறுதியாக நம்புகிறேன்.

இவர்கள் எங்கிருந்து வருகிறார்கள்?

பிரான்சில் அதிபர் வேட்பாளரின் பிரசாரத்தை நடத்துபவருக்குப் பிரசார இயக்குநர் என்று பெயர். அந்தப் பதவிக்குப் பலர் அரசு நிர்வாகத்திலிருந்து வந்திருக்கிறார்கள். 2007இல் நிக்கோலா சார்கோசியின் பிரசாரத்தை நடத்திய க்ளோத் கெயான், நம் ஊர்க் கலெக்டருக்கு நிகரான ப்ரெஃபே பதவியில் இருந்தவர். 2012இல் அதே சார்கோசிக்குப் பிரசார இயக்குநராக இருந்த கியோம் லாம்பேரும் ப்ரெஃபேதான். விளம்பரத் துறையிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். 1981இல் பிரான்சுவா மித்தரானுக்கு ‘அமைதியான வலிமை’ என்ற பொருளில் முழக்கம் எழுதிக் கொடுத்த ழாக் செகேலா ஒரு விளம்பர நிறுவனத்துக்காரர். கிராமத்துத் தேவாலயம் பின்னணியில் தெரிய, மித்தரான் நிற்கும் அந்தச் சுவரொட்டி இன்றும் பேசப்படுகிறது.

இந்தத் தொழிலின் தாய்வீடு அமெரிக்கா. 1933இலேயே கலிஃபோர்னியாவில் கிளெம் விட்டேக்கர், லியோன் பாக்ஸ்டர் என்ற இருவர் தேர்தல் பிரசாரத்துக்கென்றே நிறுவனம் தொடங்கிவிட்டார்கள். அதன்பின் வந்தவர்கள் பலதரப்பட்டவர்கள். 2000இல் அல் கோரின் பிரசாரத்தை நடத்திய டோனா பிரேசில், ஒரு பெரிய கட்சியின் அதிபர் பிரசாரத்துக்குத் தலைமை தாங்கிய முதல் கறுப்பினப் பெண். 2016இல் டிரம்பின் பிரசாரத்தைச் சில மாதங்கள் தலைமையேற்று நடத்திய பால் மேனஃபோர்ட், அதற்கு முன் பிலிப்பைன்ஸின் மார்கோஸ், உக்ரைனின் யானுகோவிச் ஆகியோருக்கு வேலை செய்தவர். 2018இல் வரி மோசடி, வங்கி மோசடி வழக்குகளில் குற்றவாளி என்று தீர்ப்பானது. 2020 டிசம்பரில் டிரம்ப் அவருக்கு மன்னிப்பு வழங்கினார்.

கடல் தாண்டி அக்கரையிலும் இதே கதைதான். இலங்கையில் கோட்டாபய ராஜபக்சவின் வெற்றிக்கு வேலை செய்தவர்களில் ஒருவரான விளம்பர நிறுவன அதிபர் திலித் ஜயவீர, 2024இல் தானே ஜனாதிபதி வேட்பாளராக நின்றார்.

நம் நாட்டில் இந்தத் தொழிலுக்கு முகம் கொடுத்தவர் பிரசாந்த் கிஷோர். பொது சுகாதாரத் துறையில், ஐ.நா. பணியில் இருந்தவர். 2014இல் மோடிக்கும், 2015இல் நிதிஷ் குமாருக்கும், 2019இல் ஆந்திராவில் ஜெகன்மோகன் ரெட்டிக்கும், 2021இல் மம்தா பானர்ஜிக்கும் மு.க. ஸ்டாலினுக்கும் வேலை செய்தார். கொள்கையில் ஒருவருக்கொருவர் எதிர்த் திசையில் நிற்கும் தலைவர்கள் இவர்கள். சென்னையில் வளர்ந்த சுனில் கனுகோலு, மெக்கின்சி நிறுவனத்தில் இருந்தவர். 2015இல் தி.மு.க.வின் ‘நமக்கு நாமே’ பயணத்துக்குப் பின்னால் இருந்தார், 2021இல் அ.தி.மு.க. பக்கம் இருந்தார், 2023இல் கர்நாடகத்தில் காங்கிரஸ் வெற்றிக்கு வேலை செய்தார். ‘மாற்றம் முன்னேற்றம் அன்புமணி’ என்று 2016இல் சுவரெல்லாம் பார்த்தோமே, அதற்குப் பின்னாலும் ஜான் ஆரோக்கியசாமி என்ற வியூக வகுப்பாளர் இருந்தார்.

ஒரு தலைவருக்கு வேலை செய்துவிட்டு எதிரணிக்குப் போவது தவறா என்று கேட்டால், தவறில்லை என்பேன். வக்கீல் இன்று வாதிக்கும் நாளை பிரதிவாதிக்கும் ஆஜராகிறார். ஆனால் வக்கீலுக்கு பார் கவுன்சில் இருக்கிறது, நடத்தை விதி இருக்கிறது, வக்காலத்தில் அவர் கையெழுத்து இருக்கிறது. பிரசாரம் நடத்துபவருக்கு என்ன இருக்கிறது? அமெரிக்காவில் 1969இல் ஜோ நபோலிட்டன் தொடங்கிய ஆலோசகர் சங்கம் நடத்தை நெறி ஒன்றை வைத்திருக்கிறது. உறுப்பினர்கள் தாமாக ஒப்புக்கொள்ளும் நெறி அது. நம் தேர்தல் சட்டத்தில் இப்படி ஒரு தொழில் இருப்பதற்கான சுவடே இல்லை.

பழைய கதை

பிறரை ஜெயிக்க வைக்கும் தொழில் பிரெஞ்சிந்தியாவுக்குப் புதிதல்ல. பாரிஸ் நாடாளுமன்றத்துக்கு உறுப்பினரை அனுப்பும் உரிமை நமக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டது. போனவர்களில் பலர் இந்தப் பக்கம் தலைகாட்டாத வெள்ளைக்காரர்கள். ஓட்டு எப்படி விழுந்தது? உள்ளூர்ப் பெரிய மனிதர்கள் விழ வைத்தார்கள். அந்த நூற்றாண்டின் கடைசியில் புதுச்சேரித் தேர்தல்களைத் தன் கையில் வைத்திருந்த நாடு சண்முக வேலாயுத முதலியாரின் தயவு இல்லாமல் யாரும் பாரிஸுக்குப் போக முடியாது என்ற நிலை இருந்தது. அடிதடியும் பெட்டி மாற்றலும் சாதாரணம்.

1914இல் போல் ரிஷார் என்ற பிரெஞ்சுக்காரர் அந்தப் பாரிஸ் நாடாளுமன்ற இடத்துக்குப் போட்டியிட்டார். பின்னாளில் அன்னை என்று அறியப்பட்ட மீராவின் கணவர் அவர். அரவிந்தர் அவருக்காகச் சந்திரநாகூர் நண்பருக்குக் கடிதம் எழுதி ஆதரவு திரட்டினார். பலன் இல்லை, போல் ப்ளுய்சன் ஜெயித்தார். 1951இல் அதே இடத்துக்கு எதுவார் குபேர் நின்ற தேர்தலில் பதிவான வாக்குகளில் 99 விழுக்காட்டுக்கு மேல் அவருக்கே விழுந்ததாகக் கணக்கு வந்தது. எந்த ஊரிலும் மக்கள் மனம் அத்தனை ஒற்றுமையாக இருந்ததில்லை. தேர்தலை நடத்தத் தெரிந்தவர்கள் நடத்தினார்கள், அவ்வளவுதான்.

அன்று அடியாளும் சாராயமும் செய்த வேலையை இன்று கணினியும் கணக்கெடுப்பும் செய்கின்றன. அடிதடி இல்லாதது பெரிய முன்னேற்றம். அதை மனமார ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அன்று முதலியாரை ஊருக்குத் தெரியும். தெருவில் நிறுத்திக் கேட்கவும் முடியும். இன்று வேலை செய்பவர் எந்த மாடியில், எந்த ஊரில் உட்கார்ந்திருக்கிறார் என்றே தெரியாது.

வீட்டு வாசலில் நடப்பது

என்னிடம் படித்த ஒரு பையன் இன்ஜினியரிங் முடித்துவிட்டு, தேர்தல் நேரத்தில் இப்படி ஒரு நிறுவனத்தில் களப்பணிக்குச் சேர்ந்தான். கையில் டேப்லெட் கொடுத்து, வாக்குச்சாவடி வாரியாக வீடுகளைப் பிரித்து அனுப்பினார்களாம். கேட்க வேண்டிய கேள்விகள் அதிலேயே வரிசையாக வரும்: வீட்டில் எத்தனை ஓட்டு, வெளிநாட்டில் எத்தனை பேர், ரேஷன் அட்டை என்ன நிறம், எந்தத் திட்டத்தில் பணம் வருகிறது, போன தடவை யாருக்குப் போட்டீர்கள், செல்போன் எண் என்ன. சாயங்காலத்துக்குள் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நிறம் விழுந்துவிடும். நம்ம வீடு, அவங்க வீடு, ஊசலாடுகிற வீடு. செலவழிக்கும் நேரமும் பணமும் பெரும்பாலும் மூன்றாவது வகை வீட்டுக்குத்தான்.

“ஜாதியும் கேட்டீங்களாப்பா?” என்றேன்.

“நேரா கேட்க மாட்டோம் சார். எந்தத் தெரு, குலதெய்வம் எதுன்னு பேச்சுவாக்குல கேட்டாலே போதும்.”

“எந்தக் கட்சிக்காகக் கேட்கிறீங்கன்னு சொன்னீங்களா?”

அவன் சற்று யோசித்தான். “பொது சர்வேன்னுதான் சார் சொல்லச் சொன்னாங்க.”

அவன் நல்ல பையன். சம்பளம் ஒழுங்காக வந்தது; வேலையும் ஒழுங்காகச் செய்தான். மக்கள் மனத்தை வீடு வீடாகப் போய்க் கேட்பது கெட்ட காரியமும் இல்லை. எந்தத் தெருவில் குடிநீர் உப்புக் கரிக்கிறது, எந்த வாய்க்கால் தூர்வாரவில்லை என்பது ஒரு கட்சித் தலைமைக்குத் தெரிய வருவது நல்லதுதான். எனக்கு உறுத்துவது அந்த ஒரு வரிப் பொய். திருப்பட்டினத்திலோ கோட்டுச்சேரியிலோ தண்ணீர் கொடுத்து உட்கார வைத்துப் பேசிய ஒரு தாயிடம், யாருக்காக வந்திருக்கிறோம் என்பதை மறைத்து வாங்கிய தகவல் அது. அந்தத் தகவல் எங்கே போனது, தேர்தல் முடிந்த பிறகு யாரிடம் இருக்கிறது என்று அவனுக்கும் தெரியாது, அந்த அம்மாவுக்கும் தெரியாது.

நெறி தவறும் நான்கு இடங்கள்

முதலாவது, பணம். பிரான்சில் 2012 அதிபர் தேர்தலில் இறுதிச் சுற்றுவரை போகும் வேட்பாளருக்குச் செலவு உச்சவரம்பு 2.25 கோடி யூரோ. சார்கோசி தரப்பு அதைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு செலவழித்தது. எப்படி மறைத்தார்கள்? பிரசாரப் பொதுக்கூட்டங்களை நடத்திய பிக்மாலியோன் நிறுவனம், அந்தச் செலவைக் கட்சி நடத்தியதாகக் காட்டிய போலி மாநாடுகளின் பெயரில் ரசீது போட்டது. ரசீது கட்சிக் கணக்குக்குப் போனது. வேட்பாளர் கணக்கு ஒல்லியாக நின்றது. 2014 மே மாதம் துணைப் பிரசார இயக்குநர் ழெரோம் லவ்ரியோ தொலைக்காட்சியில் கண்ணீரோடு உண்மையை ஒப்புக்கொண்டார். 2021 செப்டம்பரில் சார்கோசி, லாம்பேர், லவ்ரியோ உட்பட எல்லோரும் தண்டிக்கப்பட்டார்கள். சார்கோசியின் கடைசி முறையீட்டை 2025 நவம்பரில் பிரான்சின் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

இதைப் படிக்கும்போது பிரான்சு கெட்டுக் கிடக்கிறது என்று தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. உச்சவரம்பு இருந்தது, கணக்கை வரிவரியாகப் பார்க்க ஓர் ஆணையம் இருந்தது, நாட்டின் அதிபராக இருந்தவரையே கூண்டில் ஏற்ற நீதிமன்றம் இருந்தது. அங்கே நிறுவனங்கள் பிரசாரத்துக்கு நன்கொடை தரக் கூடாது. தனிமனிதர் ஒரு தேர்தலுக்கு 4,600 யூரோவுக்கு மேல் தரக் கூடாது. தொலைக்காட்சியில் காசு கொடுத்து அரசியல் விளம்பரம் செய்யவும் முடியாது. இலங்கைகூட 2023இல் தேர்தல் செலவுச் சட்டம் கொண்டுவந்து, 2024 ஜனாதிபதித் தேர்தலில் வாக்காளர் ஒருவருக்கு 109 ரூபாய் என்று வரம்பு வைத்தது.

நம் கணக்கைப் பாருங்கள். தமிழ்நாட்டில் ஒரு சட்டமன்ற வேட்பாளர் 40 லட்சம் ரூபாய்வரை செலவு செய்யலாம். ஒரு கட்சி 234 தொகுதியிலும் நின்றால் அதன் வேட்பாளர்கள் எல்லோருக்கும் சேர்த்து 93 கோடியே 60 லட்சம். ஒரு தேர்தலுக்கு ஆலோசனை சொல்ல நூறு கோடி ரூபாய்க்கு மேல் வாங்குவதாக 2024இல் பீகார் இடைத்தேர்தல் பிரசாரத்தில் பிரசாந்த் கிஷோரே சொன்னார். ஒரு மாநிலத்தில் ஒரு கட்சியின் அத்தனை வேட்பாளர்களுக்கும் சட்டம் அனுமதிக்கும் செலவைவிட ஓர் ஆலோசகரின் கட்டணம் அதிகம்! இதில் சட்டமீறல் எதுவும் இல்லை. ஏனென்றால் வேட்பாளருக்குத்தான் வரம்பு. கட்சி செய்யும் செலவுக்கு நம் சட்டத்தில் வரம்பே கிடையாது.

இரண்டாவது, தகவல். 2021 மார்ச்சில் புதுச்சேரிச் சட்டமன்றத் தேர்தலுக்கு முன்னால், வாக்குச்சாவடி வாரியான பா.ஜ.க. வாட்ஸ்அப் குழுவில் சேரச் சொல்லிப் பலருக்கு அழைப்பு வந்தது. ஆதாரோடு இணைத்த எண்களுக்கு மட்டும் வந்திருக்கிறது, தகவல் எப்படிக் கசிந்தது என்று இந்திய ஜனநாயக வாலிபர் சங்கம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. பா.ஜ.க. அதை மறுத்தது, தொண்டர்கள் வீடு வீடாகப் போய்ச் சேகரித்த எண்கள் என்றது. நீதிமன்றம் தேர்தலை நிறுத்தவில்லை. ஆனால் குற்றச்சாட்டைக் கடுமையாக எடுத்துக்கொண்டு, ஆதார் ஆணையம் பதில் சொல்ல வேண்டும் என்றது. தவறு யார் பக்கம் என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை. ஆனால் வாக்குச்சாவடியில் உட்கார்ந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன்: வாக்காளர் பட்டியலில் பெயர் உண்டு, வயது உண்டு, வீட்டு எண் உண்டு, செல்போன் எண் கிடையாது. அப்படியானால் அந்த எண் எங்கிருந்து வந்தது என்று கேட்க ஒவ்வொரு வாக்காளருக்கும் உரிமை உண்டு. பிரான்சு 1978இலேயே கணினித் தகவல்களைக் கண்காணிக்கச் சட்டமும் ஆணையமும் வைத்துக்கொண்டது. நாம் 2023இல்தான் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றினோம்.

மூன்றாவது, உண்மை. 1988இல் ஜார்ஜ் புஷ்ஷின் பிரசாரத்தை நடத்திய லீ அட்வாட்டர், எதிர் வேட்பாளர் டுகாகிஸை வீழ்த்த ஒரு கறுப்பினக் கைதியின் குற்றத்தை ஆயுதமாக எடுத்து, வெள்ளையர்களின் இன அச்சத்தைத் தூண்டினார். ஜெயித்தார். மூன்றே ஆண்டில் மூளைப் புற்றுநோயால் நாற்பது வயதில் இறந்தார். சாவதற்குமுன், தான் காட்டிய கொடூரத்துக்காக டுகாகிஸிடம் மன்னிப்புக் கேட்டார். அந்த மன்னிப்பை நான் மதிக்கிறேன். ஆனால் அது ஓட்டு எண்ணி முடித்த பிறகு வந்த மன்னிப்பு.

நம் குடியரசுத் தலைவர் தேர்தலும் இதற்குத் தப்பவில்லை. 1969இல் வி.வி. கிரியும் நீலம் சஞ்சீவ ரெட்டியும் மோதினார்கள். ரெட்டியின் ஒழுக்கத்தைக் கேவலமாகத் தாக்கும் துண்டுப் பிரசுரம் ஒன்று எம்.பி.க்களுக்குத் தபாலில் வந்தது; நாடாளுமன்ற மைய மண்டபத்திலும் கைமாறியது. கிரி ஜெயித்தார். வழக்கு உச்ச நீதிமன்றம் போனது; பதவியில் இருந்த குடியரசுத் தலைவரே சாட்சி சொன்னார். பிரசுரம் விநியோகிக்கப்பட்டது உண்மை என்று நீதிமன்றம் ஏற்றது. ஆனால் அதைக் கிரி செய்ததாகவோ அவர் சம்மதத்தோடு நடந்ததாகவோ நிரூபணமாகவில்லை என்று 1970இல் தேர்தல் செல்லும் என்றது. சட்டப்படி சரியான தீர்ப்பு. அதற்குள் ஒரு பாடம் இருக்கிறது: அசிங்கத்தைச் செய்தவர் வேறு ஆளாக இருந்தால் வேட்பாளர் கையில் கறை படாது. பிரசாரம் நடத்துபவருக்கு இந்த இடைவெளிதான் வசதி.

நான்காவது, பதவி. கெயான் 2007இல் சார்கோசியை ஜெயிக்க வைத்தார்; உடனே அதிபர் மாளிகையின் தலைமைச் செயலர் ஆனார்; பிறகு உள்துறை அமைச்சர் ஆனார். அந்தத் தேர்தலுக்கு லிபியாவின் கடாஃபியிடம் பணம் கேட்டதாக எழுந்த வழக்கில், 2025 செப்டம்பரில் கெயானுக்கு ஆறு ஆண்டும் சார்கோசிக்கு ஐந்து ஆண்டும் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. இருவரும் மேல்முறையீட்டுக்குப் போனார்கள். நம் நாட்டில் நிதிஷ் குமார் ஜெயித்ததும் பிரசாந்த் கிஷோருக்கு அமைச்சர் அந்தஸ்தோடு ஆலோசகர் பதவி வந்தது. 2021இல் பஞ்சாப் முதல்வர் அமரிந்தர் சிங்கும் அதே அந்தஸ்தைக் கொடுத்தார். 2023இல் கர்நாடகத்தில் சித்தராமையா, சுனில் கனுகோலுவுக்குக் கொடுத்தார். யாரும் ஓட்டுப் போடாத ஒருவர் அமைச்சர் அந்தஸ்தில் உட்காருகிறார். அவர் தேர்தலில் திரட்டிய தகவல் இப்போது அரசாங்கக் கோப்புக்குப் பக்கத்தில் இருக்கிறது. அது அங்கே என்ன வேலை செய்கிறது என்று கேட்க யாருக்கும் வழி இல்லை.

ஒரு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். பிரசாந்த் கிஷோர் தானே ஒரு கட்சி தொடங்கி, 2025 பீகார் தேர்தலில் 238 தொகுதிகளில் ஆட்களை நிறுத்தினார். ஓர் இடத்தில்கூட ஜெயிக்கவில்லை. மக்கள் முன் கட்சியோடு வந்து தீர்ப்பு வாங்கியது கண்ணியமான காரியம். வியூகத்தால் மட்டும் மக்களை வாங்கிவிட முடியாது என்பதற்கும் அது சாட்சி.

சட்டத்துக்குத் தெரிந்தவர், தெரியாதவர்

வாக்குச்சாவடியில் காலையில் நடப்பதைச் சொல்கிறேன். விடிவதற்கு முன்பே மாதிரி வாக்குப்பதிவு. கட்சி ஏஜென்ட்டுகள் எதிரில் குறைந்தது ஐம்பது ஓட்டுப் போட்டு, எண்ணிக் காட்டி, அழித்து, அவர்களிடம் கையெழுத்து வாங்குவோம். எந்திரத்துக்குப் போடும் பச்சைத் தாள் சீலில் கையெழுத்து. சாயங்காலம் பதிவான வாக்குக் கணக்கை 17சி படிவத்தில் எழுதி ஏஜென்ட்டுகளுக்கு நகல் கொடுப்போம். அந்த ஏஜென்ட் மீன்பிடிப்பவராக இருப்பார், ஆட்டோ ஓட்டுபவராக இருப்பார். சாப்பாட்டுப் பொட்டலமும் கொஞ்சம் பேட்டாவும்தான் அவருக்குக் கிடைக்கும். ஆனால் வேட்பாளரோ அவரது தேர்தல் ஏஜென்ட்டோ கையெழுத்திட்ட நியமனப் படிவம் இல்லாமல் நான் அவரை உள்ளே விட முடியாது.

அதற்கு மேல்படியில் தேர்தல் ஏஜென்ட். 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் அவரைப் பெயர் சொல்லி அறியும். அவர் லஞ்சம் கொடுத்தால், மதத்தின் பெயரால் ஓட்டுக் கேட்டால், அது வேட்பாளர் தலையில் விடியும்; தேர்தலே செல்லாமல் போகலாம். முடிவு வந்த முப்பது நாளுக்குள் செலவுக் கணக்குக் கொடுக்காத வேட்பாளர் மூன்றாண்டு தகுதி இழக்கலாம்.

அடிமட்டத்தில் இருப்பவருக்குப் படிவம் உண்டு, நடுவில் இருப்பவருக்குச் சட்டப் பிரிவு உண்டு. உச்சியில் இருந்து எந்த வீட்டுக்கு எந்தச் செய்தி போக வேண்டும் என்று முடிவு செய்பவருக்கு ஒரு தாளும் கிடையாது. தேர்தல் ஆவணங்கள் அத்தனையையும் புரட்டிப் பார்த்தாலும் அவர் கையெழுத்து இருக்காது. இதைத்தான் மாற்ற வேண்டும் என்கிறேன்.

மாற்றுவது கஷ்டமான காரியம் இல்லை. காசு வாங்கிக்கொண்டு பிரசாரம் நடத்தும் நிறுவனம் தேர்தல் ஆணையத்தில் பதிவு செய்யட்டும். எந்தக் கட்சிக்கு, எவ்வளவு தொகைக்கு, யார் கொடுத்த பணத்தில் வேலை செய்கிறது என்ற ஒப்பந்தம் வாக்குப்பதிவுக்கு முன்னால் வெளியாகட்டும். அந்தத் தொகை வரம்புக்கு உட்பட்ட செலவில் சேரட்டும். கட்சிக்கும் ஒரு வரம்பு வரட்டும். வாசலுக்கு வருகிற பையன், யாருக்காக வந்திருக்கிறேன் என்று முதல் வரியில் சொல்லட்டும். வாங்கிய தகவலைத் தேர்தல் முடிந்ததும் அழித்துவிட்டோம் என்று நிறுவனம் பிரமாணம் கொடுக்கட்டும். ஜெயிக்க வைத்தவர் ஜெயித்த அரசில் சம்பளமோ அந்தஸ்தோ பெற ஓர் இடைவெளிக் காலம் இருக்கட்டும். தேர்தல் ஏஜென்ட் செய்த தவறு வேட்பாளரைச் சேர்வதுபோல, இவர் செய்யும் தவறும் அவரையே சேரட்டும்.

இதெல்லாம் நடக்கிற காரியமா என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். வேட்பாளரின் சொத்தும் குற்ற வழக்கும் வாக்காளருக்குத் தெரிய வேண்டும் என்று கேட்டபோதும் கட்சிகள் எல்லாம் சேர்ந்து எதிர்த்தன. 2002இலும் 2003இலும் உச்ச நீதிமன்றம் அது வாக்காளரின் உரிமை என்றது. இன்று எந்த வேட்பாளரும் பிரமாணப் பத்திரம் இல்லாமல் மனுத் தாக்கல் செய்ய முடியாது. 2013இல் நோட்டா வந்தது. யார் கொடுத்தது என்று மக்களுக்குத் தெரியாமல் கட்சிக்குப் பணம் போன தேர்தல் பத்திரத் திட்டத்தை 2024 பிப்ரவரி 15 அன்று அதே நீதிமன்றம் ரத்து செய்தது. சாதாரணக் குடிமக்களும் அமைப்புகளும் விடாமல் கேட்டதால் வந்தவை இவை.

சட்டம் வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் சாலையும் குடிநீரும் வடிகாலும் கேட்போம். கூடவே மூன்று கேள்விகளையும் கேட்போம்: உங்களுக்கு வியூகம் வகுப்பவர் யார்? அவருக்குச் சம்பளம் கொடுப்பவர் யார்? என் போன் நம்பரை அவரிடம் கொடுத்தது யார்? முகம் சுளிக்காமல் பதில் சொல்கிற வேட்பாளர் எந்தக் கட்சியில் இருந்தாலும், என் ஓட்டைக் கேட்கும் தகுதி அவருக்குத்தான் முதலில் உண்டு.